தென்கரையின் சிவப்புக் கோடு

திட்ட அதிகாரி பொய் சொன்னார். ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் சொன்னார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குத் தெரியும். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

மன்னார் நகரத்தில் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிற மண்டபம் அது. மத்தியான நேரம். மின்விசிறி சத்தம் போட்டதே தவிரக் காற்று வரவில்லை. முன்சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். துணியில் ஒரு சிவப்புக் கோடு. இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, மெல்ல இறங்கி, பிறகு வேகமாக இறங்கி, வலது பக்க மூலையில் தரையோடு தரையாகக் கிடந்தது. மேலே தலைப்பு: ‘தென்கரை இறங்குதுறை, மீன்வரத்து’.

“நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. படமே சொல்லுது,” என்றார் அதிகாரி. “இந்தக் கரை செத்துக்கொண்டு வருது.”

எனக்குப் பக்கத்துக் கதிரையில் றீற்றா அக்கா இருந்தார். தென்கரையில் கருவாட்டு வாடி போடுகிறவர். வாடி என்றால் மீன்பிடிப் பருவத்துக்குக் கடற்கரையில் போடுகிற ஓலைக்கொட்டில். பருவம் முடிந்தால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கூட்டத்துக்கென்று கோவிலுக்குப் போகிற சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். சேலையையும் மீறி உப்பு மணத்தது.

என் காதுக்குள் கேட்டார். “எடியே ஜெசி, அந்தக் கோடு எங்கடையோ?”

“ஓம் அக்கா.”

“பாம்பு புத்துக்குள்ள இறங்கிற மாதிரியெல்லோ இறங்குது. ஆர் கீறின பாம்பு?”

நான் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கீறியது நான்தான்.

கொப்பியும் கணினியும்

நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் பதிவு எழுதச் சேர்ந்த கதையைப் போன கிழமை இந்தப் பத்திரிகையில் சொன்னேன். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, வேறு வேலை கிடைக்காமல், பள்ளிமுனையில் ஒரு சித்தி வீட்டில் இருந்துகொண்டு சேர்ந்த வேலை. எந்தக் கரையில் எத்தனை பெட்டி மீன் இறங்கியது என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுத வேண்டும். மாத முடிவில் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சித்திரை கழிந்து சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கினால் மறுபக்கம். தென்கடல் குமுறும், வடகடல் அடங்கும். எங்கள் ஆட்கள் காற்றோடு போவார்கள். வாடையில் தெற்கே, சோளகத்தில் வடக்கே. அதே படகு, அதே வலை, அதே மனிதர்கள். கரைதான் மாறும். இது இங்கே நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்.

திட்டக்காரர்கள் வந்தபோது சொன்னது இது. கரைகளைப் பார்த்துப் பட்டியல் போடுவார்களாம். பட்டியலில் இருக்கிற கரைக்குத் தண்ணீர், வெளிச்சம், கழிப்பறை, மீன் வைக்க ஐஸ் அறை. அது தொழிலாளரின் கரை என்று எழுத்திலும் பதிவார்கள். பட்டியலில் வராத கரை ‘பாவனையில் இல்லாத நிலம்’, அதாவது ஒருவரும் பயன்படுத்தாத இடம். அதை வேறு ஆருக்கும் கொடுக்கலாம்.

தென்கரை வாடிகளில் ஒருத்தரிடமும் காணிப் பத்திரம் இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே பத்திரம் என் கொப்பிதான்.

அதிகாரி என்னிடம் பெப்ரவரி தொடங்கி ஓகஸ்ட் வரைக்குமான கணக்கை மட்டும் கேட்டார். அதுதான் திட்டத்தின் காலமாம். முந்திய வருடங்களின் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு போனேன். “இப்ப தேவையில்லை மிஸ், வையுங்கோ,” என்றார். ஒரு மடிக்கணினியைத் தந்து, எண்களைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வரும் என்று காட்டினார். நிமிர்ந்து நிற்கிற சலாகை வேண்டுமா, வட்டம் வேண்டுமா, கோடு வேண்டுமா என்று கணினி கேட்டது.

கோட்டை அழுத்தினேன். அழகாக இருந்தது. சிவப்பையும் நானே தெரிந்தெடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

பெப்ரவரியில் தென்கரை நிறைய மீன். ஓகஸ்டில் தென்கரையில் காகமும் நாலு கழுதையும். நடுவில் சோளகம் வந்தது. கோடு அதைச் சொல்லவில்லை. கோட்டுக்குக் காற்றுத் தெரியாது.

அன்று மண்டபத்தில் எழும்பினேன். “சேர், அது காத்து மாறின மாசம். ஆக்கள் வாடி கழட்டிக்கொண்டு வடக்கால போயிட்டினம். மீன் குறையேல்ல.”

அவர் சிரித்தார். “மிஸ், நீங்கள் தந்த எண்கள்தானே? நீங்கள் கீறின படம்தானே?”

பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். கூட்டத்தின் தலைவர், வேறு மாவட்டத்திலிருந்து வந்த வயதானவர், “அடுத்த கூட்டத்தில திருத்திக் கொண்டுவாங்கோ பிள்ளை, பாப்பம்,” என்றார். அந்த மனிதரில் எனக்குக் கோபம் இல்லை.

அப்பிள்

முகாம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் எனக்கு முதன்முதலாக வரைபடம் சொல்லித்தந்தார்கள். வகுப்பில் உள்ள எல்லோருக்கும் பிடித்த பழம் எது என்று கேட்டு, அதைப் பட்டைகளாக வரைய வேண்டும். தமிழ்நாட்டில் பட்டை என்பார்கள். இங்கே வந்து சங்கத்தில் ‘பட்டை வரைபடம்’ என்று சொன்னேன், “என்ன பிள்ளை, கிணத்தில தண்ணி அள்ளப்போறியோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். இங்கே பட்டை என்றால் துலாவில் கட்டுகிற வாளி. வரைபுக்குச் சலாகை என்று சொல்ல வேண்டும்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்பிள் என்றோம். வாழைப்பழத்துக்கு ஒரு சின்னப் பட்டை, கொய்யாவுக்கு அதைவிடச் சின்னது. அப்பிள் கூரையைத் தொட்டது. வாத்தியார் என் படத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

அந்த வகுப்பில் ஒருவரும் அப்பிள் தின்றதில்லை. புத்தகத்தில் படம் பார்த்ததுதான்.

பட்டை உயரமாக இருந்தால் அது உண்மை என்று ஆகாது. அன்றைக்கே எனக்கு அது பிடிபட்டிருக்க வேண்டும். பாராட்டு வாங்கிய சந்தோசத்தில் விட்டுவிட்டேன்.

கட்டில் காலில் தொங்கிய தாள்

கூட்டம் முடிந்த கிழமை என் தம்பிக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் அவனுடைய கட்டில் காலில் ஒரு தாள் தொங்கியது. தாதி வந்து காய்ச்சல் பார்ப்பார், ஒரு புள்ளி வைப்பார், முந்திய புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். வேறு வேலை இல்லாமல் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாதியிடம் கேட்டேன். “மிஸ், காலமையும் பின்னேரமும்தானே பாக்கிறியள். நடுவில கோடு எப்பிடித் தெரியும்?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நடுவிலயும் காய்ச்சல் உடம்பிலதானே இருக்கு? வெளிய போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டோ போகுது?”

தம்பி அந்தக் காய்ச்சலிலும் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சரியான பதில். காய்ச்சல் ஒரு உடம்புக்குள் நின்று ஏறி இறங்குகிறது. அதற்குக் கோடு பொருந்தும். எங்கள் ஆட்கள் வெளியே போய்விட்டு வருகிறவர்கள். தென்கரை வெறுமையாகக் கிடக்கிற மாதத்தில் அவர்கள் வடகரையில் வலை இழுக்கிறார்கள். ஒரு கரையை மட்டும் எடுத்துக் கோடு இழுத்தால், வீட்டை விட்டுச் சந்தைக்குப் போனவனைச் செத்துவிட்டான் என்று சொல்வது போல.

வட்டமும் வேலைக்கு ஆகாது. திட்டக்காரர்கள் இன்னொரு பக்கத்தில் வட்ட வரைபு போட்டிருந்தார்கள். எந்தக் கரைக்கு எவ்வளவு பங்கு என்று நிறம் நிறமாக. வட்டம் எப்போதும் முழுசாக இருக்கும். கடலில் ஒரு மீனும் இல்லாத வருடத்திலும் அது முழுசாகத்தான் இருக்கும். பார்க்கிறவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

காக்காவின் சோக்கு

மீன் சந்தையில் நூர்தீன் காக்கா இரண்டு கரையிலும் மீன் வாங்கி லொறியில் ஏற்றுகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழக்கம். வடகடல் மீன் என்றால் பெட்டியின் மேல் பலகையில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு. தென்கடல் மீன் என்றால் கீழ்ப் பலகையில். எழுத்து ஒன்றும் இல்லை. சந்தையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது விளங்கும்.

ஒரு நாள் காலை அவருடைய பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று மாறுகிற நேரம். சில பெட்டியில் கோடு மேலே, சில பெட்டியில் கீழே.

“என்ன தங்கச்சி, மீன் வாங்க வந்தீங்களா, பெட்டி வாங்க வந்தீங்களா?”

“காக்கா, இது ஏன் மேலயும் கீழயும்?”

“வடக்கு மேல, தெக்கு கீழ. மன்னார் நடுவுல. பள்ளிக்கூடத்துல மெப் பாக்கலியா நீங்க?”

சங்கத்துக்கு ஓடினேன். ஒரு பெரிய தாள் எடுத்தேன். நடுவில் குறுக்காக ஒரு கோடு. அதுதான் எங்கள் தீவு. மாதம் ஒன்றுக்கு வடகரை மீனை மேலே ஒரு சலாகை, தென்கரை மீனைக் கீழே ஒரு சலாகை. பழைய கொப்பிகளையும் சேர்த்து, கையாலேயே கீறினேன்.

வாடையில் கீழே நீளம், மேலே கட்டை. சோளகத்தில் மேலே நீளம், கீழே ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் கீழே. ஒவ்வொரு வருடமும் அப்படியே. மனிதர்கள் தீவைக் கடந்து போய்வருவது தாளில் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தைச் சுவரில் ஒட்டினோம். காக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார். “இது என்ட பெட்டிதானே! காப்புரிமை தாங்க எனக்கு.” றீற்றா அக்கா கீழ்ச் சலாகை ஒன்றைத் தொட்டு, “இது என்ர மகள் கலியாணம் முடிச்ச மாசம். அப்ப சரியான மீன்,” என்றார். ஒருவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

பூச்சியத்துக்குக் கீழே

இரண்டாவது கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் அதிகாரி சங்கத்துக்கு வந்தார். நான் படத்தைக் காட்டினேன். நடுக்கோடு தீவு, மேலே வடகடல், கீழே தென்கடல். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். தேத்தண்ணி குடித்தார். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்வி. “இப்ப நல்லா விளங்குது மிஸ்,” என்றார். “சோளகத்தில ஆக்கள் அங்கால போகினம், வாடையில திரும்பி வருகினம். சரிதானே?”

“ஓம் சேர். சரி.”

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு விளங்கியிருந்தது. தன் வாயாலேயே திருப்பிச் சொன்னார்.

மறுநாள் படம் துணியில் விழுந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மிகவும் கவலையோடு சொன்னார்:

“ஐயோ பிள்ளை, தென்கரை பூச்சியத்துக்கும் கீழயெல்லோ போயிருக்கு. இவ்வளவு நட்டத்திலயா அந்தச் சனம் தொழில் செய்யுது?”

கந்தோர்களில், கணக்கு எழுதுகிற அலுவலகங்களில், கோட்டுக்குக் கீழே இருந்தால் அது நட்டம். அவர் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் படம் பார்த்திருக்கிறார். சந்தையில் எல்லோருக்கும் விளங்கியதால் உலகத்துக்கே விளங்கும் என்று நினைத்த மடைச்சி நான். ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், கீழே இறக்கியிருக்க மாட்டேன். போன வருட ஜனவரிக்குப் பக்கத்தில் இந்த வருட ஜனவரி, போன ஓகஸ்டுக்குப் பக்கத்தில் இந்த ஓகஸ்ட் என்று சோடி சோடியாகச் சலாகை நிறுத்தியிருப்பேன். அது அழகில்லை. ஆனால் மீன் குறையவில்லை என்பது ஆருக்கும் தெரிந்திருக்கும்.

“அது நட்டம் இல்லை ஐயா, அது தெற்கு,” என்றேன். ஒலிவாங்கி என் கையில் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் ஒரேயடியாகக் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒலிவாங்கி அதிகாரியின் கையில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

“அப்ப அடுத்த விசயத்துக்குப் போவம் சேர்,” என்றார்.

றீற்றா அக்கா என் கையைப் பிடித்தார். “என்னடி சொல்லுறார்? எங்களுக்கு நட்டம் எண்டோ? ஆர் இவருக்குச் சொன்னது?”

அன்றிரவே சோடிச் சலாகைப் படத்தைக் கீறி மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு தரம், மூன்று தரம் அனுப்பினேன். நேரே போனேன். அவர் வெளிக்களத்தில் இருக்கிறார் என்றார்கள். பட்டியல் வந்தபோது தென்கரை அதில் இல்லை. காரணத்துக்கு ஒரு படம் இணைத்திருந்தார்கள். என்னுடைய பழைய சிவப்புக் கோடு.

தூண்கள்

அடுத்த சோளகத்தில் தென்கரையில் கொங்கிறீற்றுத் தூண்கள் நட்டார்கள். ஆர் நட்டது, ஆருக்காக நட்டது என்று இன்றுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கரையில் மனிதர் இல்லாத மாதமாகப் பார்த்து நட்டார்கள். தடுக்க ஒரு நாய்கூட இருந்திருக்காது. காற்று மாறி எங்கள் ஆட்கள் திரும்பி வந்தபோது, வாடி போடுகிற இடத்துக்குக் குறுக்கே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் இலக்கம்.

நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. றீற்றா அக்கா தன் பழைய இடத்தில், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் கயிறு கட்டி, சீலா மீனைப் பிளந்து காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல தூண்,” என்றார் என்னைக் கண்டதும். “முந்தி நாங்கள் கம்பு தேடித் திரியோணும். அரசாங்கம் எங்களுக்குக் கருவாட்டுக் கம்பு நட்டுத் தந்திருக்கு.”

நான் மணலில் குந்திவிட்டேன். “அக்கா, அந்தக் கோட்டைக் கீறினது நான்தான். முதல் கூட்டத்தில நீங்கள் கேட்டனீங்கள். சொல்லேல்ல.”

அவர் கையில் இருந்த மீனைக் கயிற்றில் கொழுவினார். இன்னொரு மீனை எடுத்தார். அதையும் கொழுவினார்.

“தெரியும்,” என்றார். “அண்டைக்கே உன்ர முகத்தில எழுதியிருந்தது. அந்தச் சேருக்கும் தெரியும்தானே, அது காத்து எண்டு?”

“தெரியும்.”

“அப்ப நீ ஏன் என்னட்டை வந்து அழுறாய்? நான் ஊர்ச் சனம். எனக்குச் சொன்னா ஊருக்குத்தான் தெரியும். அவையள் வாசிக்கிற இடத்தில போய்ச் சொல்லு.”

அதனால்தான் இந்தக் கிழமை இதை எழுதுகிறேன். வேறொரு கலியாணக் கதை எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

அக்காவிடம் இப்போது ஒரு அறிவித்தல் துண்டு வந்திருக்கிறது. இந்தப் பருவம் முடிய வாடியைக் கழற்றினால் அந்த இடத்தில் திரும்பப் போட முடியாது என்று. கழற்றாமல் இருந்தால் சோளகம் பிய்த்து எறியும். கடலும் தெரியாமல் காற்றும் தெரியாமல் ஒருத்தர் எழுதிய துண்டு.

அதிகாரியே, உங்களுக்கு எழுதுகிறேன். கோட்டைக் கீறினது நான். சிவப்பைத் தெரிந்தெடுத்ததும் நான். கீழ்ச் சலாகையைத் தலைவருக்கு விளங்காத மாதிரிக் கீறினதும் நான். இதை என் பெயரோடு ஊர் முழுக்க வாசிக்கிற பத்திரிகையில் ஒத்துக்கொண்டுவிட்டேன். என் பங்கு முடிந்தது.

உங்கள் பங்கு மிச்சம். முதல்நாள் பின்னேரம் எங்கள் சங்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “வாடையில திரும்பி வருகினம், சரிதானே?” என்று கேட்ட நீங்கள், மறுநாள் அந்தப் பெரிய மனிதர் நட்டம் என்று சொன்னபோது, ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். தொலைபேசி எடுக்க வேண்டாம். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். தென்கடல் இன்னும் அடங்கித்தான் கிடக்கிறது. சோளகம் தொடங்க முதல் எழுதுங்கள்.